அடிச்சுரம் இல்லாத கார்டு

முப்பத்தெட்டு வயது வரைக்கும் கவியரசன், மூன்று சுரங்களைச் சேர்த்து அமுக்கினால் அது ஒரு கார்டு என்று நம்பிக்கொண்டிருந்தான். ‘பொன்மழை இன்னிசைக் குழு’வில் பதினாறு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் அந்த மூன்றை வைத்தே ஒப்பேற்றி வந்தான். ஆலங்குடிப் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேட்டதும் இல்லை. போன மார்கழியில் விசேஷம் எதுவும் இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது யூடியூப் பார்த்தான். அதோடு கெட்டது குடி.

யூடியூபில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஜாஸ் சொல்லிக்கொடுத்தார். ச, க, ப என்று ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிக்கொண்டு வருகிறாயே, அங்கேயே ஏன் நின்றுவிட்டாய், மேலே ஏறு, அதுதான் எக்ஸ்டெண்டட் கார்டு என்றார். மேலே ஒரு நி வைத்தால் அது செவன். அதற்கு மேல் ரி வைத்தால் நைன். ம வைத்தால் லெவன். த வைத்தால் தர்ட்டீன். கவியரசன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஏழு சுரமும் வந்துவிட்டன. உலகத்தில் இருப்பதே ஏழு சுரம். அந்த ஏழையும் ஒன்றாக அமுக்குவதற்குப் பதிமூன்று என்று பெயர் வைத்திருக்கிறான் என்றால் அவன் சாமானியப்பட்டவன் இல்லை என்று கவியரசனுக்குப் புல்லரித்தது.

அடுத்தது இன்வெர்ஷன். அடுக்கிய சுரங்களில் எதை வேண்டுமானாலும் அடியில் வைக்கலாம். ச-வே கீழே கிடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரிதான். அதே நாலு பேர். நடு நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாப்பிள்ளை வீட்டுப் போட்டோவா பெண் வீட்டுப் போட்டோவா என்பது மாறிவிடும். இதைப் புரிந்துகொள்ளக் கவியரசனுக்குத் தை மாதம் முழுக்கத் தேவைப்பட்டது. புரிந்த பிறகு அவனோடு குடும்பம் நடத்துவது திலகவதிக்குக் கஷ்டமாகிவிட்டது.

புதுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்தால் “மைனர் நைன், ரெண்டாவது இன்வெர்ஷன்” என்பான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால், எத்தனை விசில் என்று எண்ணாமல் என்ன சுரம் என்று சொல்வான். குழுவில் தாளத்துக்கு ரிதம் பேட் வாசிக்கிறவனை ‘பாவம்’ என்ற கண்ணால் பார்த்தான். குழுவின் முதலாளி பழனிச்சாமியிடம், இத்தனை வருடமாக நாம் வாசித்தது சங்கீதமே இல்லை அண்ணே என்று டீக்கடையில் வைத்துச் சொன்னான். பழனிச்சாமி பொறுமைசாலி. “இருக்கட்டும்ப்பா, வெள்ளிக்கிழமை காதுகுத்துக்கு மட்டும் பழையபடியே வாசிச்சிரு” என்றார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு பலனும் வரப் பார்த்தது. மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டல். தினமும் சாயங்காலம் அங்கே ஜாஸ் வாசிக்கும் குழுவுக்குக் கீபோர்டு ஆள் வேண்டும். ரெண்டு வருட ஒப்பந்தம், தங்க இடம், டிக்கெட் எல்லாம் அவர்களே. கவியரசன் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். பதிலும் வந்துவிட்டது. ‘எக்ஸ்டெண்டட் கார்டுகளும் இன்வெர்ஷன்களும் நன்றாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து வாசித்துக் காட்டவும்.’

அந்த வேலை கவியரசனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது திலகவதிக்குத் தெரியும். மண்டபத்தில் பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கிற சத்தத்துக்கு நடுவே வாசித்து வாசித்து அவன் நொந்து போயிருந்தான். இப்போதெல்லாம் திருவிழாக்காரர்கள் லேப்டாப்பும் டிஜேயும் போதும் என்கிறார்கள். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு இந்த ஜென்மத்தில் இல்லை. “ஒரு தடவையாச்சும் உக்காந்து கேக்குறவங்க முன்னாடி வாசிக்கணும்டி” என்றான்.

“ஹோட்டல்ங்கிறீங்க, அங்கயும் தின்னுக்கிட்டேதான கேப்பாங்க?” என்றாள் திலகவதி.

 ஆனால் பெரிய சிக்கல் அது இல்லை, பேஸ் கிட்டார்தான்.

வெள்ளைக்காரர் எல்லாப் பாடத்திலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: கார்டின் அடிச்சுரத்தை நீ தொடாதே, அது பேஸ் வாசிக்கிறவருடையது. நீ மேலே இருக்கிற மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவதை மட்டும் வாசி. கவியரசன் அப்படியே கேட்டுக்கொண்டு, மாசி மாதம் ஆலங்குடியில் ஒரு வரவேற்பில் அடிச்சுரத்தை விட்டுவிட்டு வாசித்தான். பாடகி சொர்ணவல்லி மேடையேறி முப்பது வருடமானவர், தூக்கத்தில் எழுப்பினாலும் சுருதி விலகாதவர். பல்லவி எடுத்தவர் அந்தரத்தில் நின்றார். ச எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, கடைசியில் க-வையே ச என்று பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து பெட்டி ரிப்பேரா என்று விசாரித்தார். பழனிச்சாமி சாப்பாட்டு வரிசையில் போய் ஒளிந்துகொண்டார்.

தப்பு வெள்ளைக்காரர் மேல் இல்லை. அடிச்சுரத்தை விடலாம், கீழே அதை வாசிக்க ஓர் ஆள் இருந்தால். பொன்மழையில் அந்த ஆள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு இருந்தார். அவர் பெயர் அடைக்கலம், இலுப்பூர்க்காரர். அவரை வேலையை விட்டுத் தூக்க வைத்தது கவியரசன்தான்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு நாள் பழனிச்சாமியிடம், “அண்ணே, பேஸை நானே எடது கையில போட்டுக்கிறேன், ஒரு ஆள் கொறையும்ல” என்று போகிற போக்கில் சொன்னான். பழனிச்சாமி நாலு நாள் யோசித்தார். அப்போது குழுவும் நொடித்துப் போயிருந்தது. அதன் பிறகு கவியரசனுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடியது. வேனில் டிரைவர் பக்கத்து முன் சீட்டும் கிடைத்தது. அது வரைக்கும் அடைக்கலம் உட்கார்ந்து வந்த சீட்டு. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்ததற்கு முன் சீட்டு நியாயமான கூலிதான் என்று கவியரசன் நினைத்தானோ என்னவோ, காலை நீட்டி உட்கார்ந்து வந்தான்.

அடைக்கலத்துக்கு இது தெரியாது. பழனிச்சாமிதான் தன்னைக் கழற்றிவிட்டார் என்று நினைத்தார். பழனிச்சாமியும், குழுவுக்குள் எதற்குச் சண்டை என்று கவியரசன் பெயரைச் சொல்லவில்லை. அடைக்கலம் அன்றோடு பழனிச்சாமி வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார். இலுப்பூரில் மிக்சி, கிரைண்டர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார். ஆனால் கவியரசன் மேல் அவருக்குப் பிரியம் குறையவில்லை. திலகவதியின் மிக்சி ஆறு வருடத்தில் நாலு தடவை அந்தக் கடைக்குப் போய் வந்தது. “ஒங்கிட்டப் போயி காசு வாங்குவனா தம்பி” என்று ஒரு தடவைகூட அவர் வாங்கவில்லை. கவியரசனும் சங்கடப்படாமல் மிக்சியை வாங்கிக்கொண்டு வந்தான்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி அவன் இலுப்பூர் போய்ச் சேர்ந்தபோது அடைக்கலம் ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஆறு வருசமாச்சு தம்பி. வெரலெல்லாம் கிரீஸு. எனக்கு இந்த ஜாஸெல்லாம் என்ன தெரியும்?”

“ஒங்களை விட்டா இந்த ஜில்லாவுல யாருண்ணே இருக்கா?” என்றான் கவியரசன். அது உண்மைதான். இருந்த ஒருவரையும் மோட்டார் சுற்ற அனுப்பியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

“பழனிச்சாமி வருவானா அங்கிட்டு?”

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே. என் வீட்டு மாடியிலதான்.”

“அப்ப வாரேன்” என்றார் அடைக்கலம். ஒரு தம்பிக்கு நல்லது நடந்தால் சரி என்றும் சொன்னார். அந்த வார்த்தையில் கவியரசனுக்கு நெஞ்சு சுருக்கென்றது. பஸ் ஏறியதும் சரியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை மாடியில் ஒத்திகை. அடைக்கலம் பழைய கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டி எடுத்து வந்திருந்தார். கவியரசன் ஒரு மணி நேரம் விளக்கினான்: இது நைன், இது லெவன், இது அடிச்சுரம் இல்லாத தர்ட்டீன், இது மூன்றாவது இன்வெர்ஷன். அடைக்கலம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “நீ ஒண்ணை மட்டும் அமுக்கி வச்சுக்க. கையை எடுக்காத” என்றார்.

கவியரசன் ஈ, ஜி, பி, டி நான்கையும், நம் கணக்கில் க, ப, நி, ரி-யை, அமுக்கினான். அது அவன் பெருமையோடு வாசிக்கும் சி மேஜர் நைன், அடியில் இருக்க வேண்டிய சி மட்டும் இல்லாமல். அடைக்கலம் கீழே சி-யை மீட்டினார். மாடி முழுக்க வெயில் அடித்தது போல் இருந்தது. கொஞ்ச நேரம் விட்டு ஏ-யை மீட்டினார். அதே கார்டு, கவியரசனின் விரல் ஒன்றுகூட அசையவில்லை, ஆனால் யாரோ எதற்கோ காத்துக்கொண்டு நிற்பது போல் ஆகிவிட்டது. ஜி-யை மீட்டினார், காத்திருந்தவர் வந்து சேர்ந்த மாதிரி அடங்கியது. ஈ-யை மீட்டினார்; அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“சி மேஜர் நைன், ஏ லெவன், ஜி சிக்ஸ், ஈ மைனர் செவன்” என்று கவியரசன் தன்னையறியாமல் பெயர்களை ஒப்பித்தான். ரெண்டு மாதம் ராப்பகலாகப் படித்த அத்தனை கார்டும் இந்த மனுஷனின் ஒற்றை விரலில் மாறுகிறதே என்று உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் அதைப் போல ஒரு சத்தத்தை அவன் வாழ்க்கையில் வாசித்ததில்லை. தான் வாசிக்கிற கார்டு என்னவென்று அன்றைக்குத்தான் அவன் காதால் கேட்டான்.

“பேரெல்லாம் எனக்குத் தெரியாது” என்றார் அடைக்கலம். “ஆனா ஒண்ணு தெரியிது. முன்னாடியெல்லாம் நீ எனக்கு எடமே விட மாட்ட. நான் வாசிக்கிறதையும் சேத்து நீயே வாசிப்ப. இப்ப விடுற. நல்லா வாசிக்கிறடா.”

கவியரசன் குனிந்து கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் நாளைக்கு இவர் வர மாட்டார். நேர்காணல் முடியட்டும், மஸ்கட் போன பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். கடல் தாண்டிப் போய் மன்னிப்புக் கேட்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வீடியோ கால் வந்தது. திலகவதி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு விடாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். மஸ்கட் மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்; தமிழிலேயே பேசினார். இவர்கள் மூன்று உருப்படிகள் வாசித்தார்கள். கவியரசனின் கை அதிகம் தாவாமல் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நழுவி நழுவிப் போனது. அடியில் அடைக்கலம் நிதானமாக நடந்து வந்தார். ஓர் இடத்தில் அடைக்கலம் எதிர்பாராமல் வேறு சுரத்துக்குப் போக, கவியரசனின் கார்டு அவன் யோசித்தே பார்க்காத ஒரு பக்கம் திரும்பியது. மேனேஜர் ‘ஆஹா’ என்றார். 

“ரொம்ப நல்லாருக்கு கவியரசன்” என்றார் மேனேஜர். “ரெண்டு பேரும் ரொம்ப நாளாச் சேந்து வாசிக்கீங்க போல. ஒரே ஒரு கேள்விதான். எடது கையில பேஸ் வாசிக்கிற பழக்கம் உண்டா ஒங்களுக்கு?”

இந்தக் கேள்வியில் என்ன பொறி இருக்க முடியும்? புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கீபோர்டுக்காரனுக்கு அழகே ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வதுதான். புல்லாங்குழல், வயலின், பேஸ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருகிறவனைத்தான் இங்கே ‘கெட்டிக்காரன்’ என்பார்கள்; விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். வேலை கைக்கு வந்துவிட்டது, கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் என்று கவியரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க? ஆறு வருசமா எங்க குழுவுல பேஸே நாந்தான் சார். பேஸுக்குன்னு தனியா ஒரு ஆள் தண்டம், நானே எடது கையில பாத்துக்கிறேன்னு ஓனர்கிட்டச் சொன்னதே நாந்தான் சார். அன்னையிலருந்து ஒரு கச்சேரிக்குக்கூட ஆள் வச்சது கெடையாது!”

சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்பது அவனுக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போனையே பார்த்தான்.

மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தவர், சிரிப்பை மெல்ல மூடினார். “அப்பிடியா” என்றார். “இங்க பேஸ் வாசிக்கிறது ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா. பதினஞ்சு வருசமா இருக்காங்க. கீபோர்டுக்காரர் எடது கை அவங்க பக்கம் வந்தா அவங்களுக்கு ஆகாது. ரெண்டு பேரை ஊருக்கே அனுப்பிட்டாங்க. அதுக்காகத்தான் கேட்டேன்.”

“இல்ல சார், நான் விட்டுருவேன் சார், இப்ப விட்டுத்தான சார் வாசிச்சேன்…”

“பாப்போம் கவியரசன். மெயில் பண்ணுதோம்.” பிறகு மேனேஜர் அடைக்கலத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “அண்ணாச்சி, அருமையா வாசிச்சீங்க.” போன் அணைந்தது.

மெயில் பண்ணுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று படிக்கட்டில் இருந்த திலகவதிக்கே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து கீழே போனாள். கவியரசன் ரெண்டு மாதத்தில் கற்றுக்கொண்ட ஏழும் ஒன்பதும் பதினொன்றும் ஒரு பக்கம் இருக்க, நாலே வாக்கியத்தில் மஸ்கட்டையும் தொலைத்தான், மாடியில் இருந்த ஒரே மனிதரையும் தொலைத்தான். இவ்வளவு சிக்கனமாக யாரும் நாசமாகியிருக்க மாட்டார்கள்.

அடைக்கலம் கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். திட்டுவார் என்று கவியரசன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அப்ப, பழனிச்சாமி இல்லையா?” என்றார் அடைக்கலம்.

“அண்ணே…”

“அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான். நான் போகல.” அவர் குரல் உயரவே இல்லை. “அவுங்க ஆத்தா செத்தப்ப ஆளு விட்டுச் சொல்லி அனுப்புனான். அந்தம்மா கையில எத்தனை நாளு சோறு தின்னுருப்பேன். போகலடா. கேதங்கூடக் கேக்கல. நாலு வருசமாச்சு.”

கல்யாணத்துக்குப் போகாவிட்டால் அடுத்த விசேஷத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். சாவு வீட்டுக்குப் போய்க் கேதம் கேட்காமல், துக்கம் விசாரிக்காமல் இருப்பது இந்தப் பக்கத்தில், உறவையே அறுத்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்வது. ஒரு குற்றமும் செய்யாத மனுஷனுக்கு அடைக்கலத்தின் கையாலேயே அதைச் செய்ய வைத்திருக்கிறான் கவியரசன். கிட்டாரைப் பிடுங்கியதைவிட இதுதான் பெரியது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. 

“எங்கண்ணே போறீங்க?”

“கேதம் கேக்க” என்று சொல்லிவிட்டு அடைக்கலம் படியிறங்கினார்.

பழனிச்சாமி வீடு ரெண்டு தெரு தள்ளி. உச்சி வெயிலில் அடைக்கலம் முன்னால் நடந்தார். கவியரசன் பத்தடி பின்னால் போனான். வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பழனிச்சாமி அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். அடைக்கலத்தைப் பார்த்ததும் துண்டு கையிலேயே நின்றது. பின்னால் நின்ற கவியரசனின் முகத்தையும் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் அவருக்கு மிச்சம் இருக்கவில்லை.

கேதம் கேட்கப் போகிறவர் ரெண்டு கையையும் நீட்ட வேண்டும். வீட்டுக்காரர் அதைத் தொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சு தேவையில்லை. அடைக்கலம் வாசற்படியில் நின்று கைகளை நீட்டினார். பழனிச்சாமி தொட்டு விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆத்தாவைத் தூக்குற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.  அடைக்கலம் வாய் விட்டே அழுதார்.

 என்ன செய்வது என்று தெரியாமல் கவியரசனும் பக்கத்தில் போய்த் தன் ரெண்டு கையையும் நீட்டினான்.

பழனிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். “ஒனக்கு எதுக்குப்பா இது?” என்றார், சாதாரணமாகத்தான். “நீதான் அன்னைக்கு மொத ஆளா வந்து, கருமாதி முடியிற வரைக்கும் கூடவே இருந்தியே.”